பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம்

நட்சத்திரக் குறி என்றால் நட்சத்திரக் குறிதான் என்று நான் நம்பினேன். நோட்டில் பேனாவால் போட்டாலும் அதுதான், கம்ப்யூட்டரில் விரலால் தட்டினாலும் அதுதான். பூ மாதிரி ஒரு சின்ன உருவம், அதில் என்ன குழப்பம் வந்துவிடப் போகிறது? இப்படி நம்பிக்கொண்டே ஒரு மனிதன் டிப்ளமா வாங்கலாம், வேலைக்குச் சேரலாம், நாலு பேருக்குப் பாடம்கூட எடுக்கலாம். நான் மூன்றையும் செய்தேன்.

நம் கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று எனக்கு மாலை போட்டீர்கள், கேசரி கொடுத்தீர்கள், "உங்க அனுபவத்துல இருந்து ஏதாவது சொல்லுங்க சார்" என்று மைக்கை நீட்டினீர்கள். நான் நாலு ஜோக் அடித்துவிட்டு இறங்கிவிட்டேன். ஜோக் அடிப்பது எனக்குப் பழக்கம். பயந்தால் இன்னும் நன்றாக வரும். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். நடந்தது எண்பதுகளின் கடைசியில், செஞ்சியில்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு அரிசி மண்டி. அதற்கு மேலே மாடி அறை. அங்கேதான் மெஷின் இருந்தது. ஏழைகளுக்கு இலவசக் கண் முகாம் நடத்திய ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த கம்ப்யூட்டர் அது. அதற்குத் துண்டு போர்த்தி வைத்திருந்தோம். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் மத்தியான நேரத்தில் மேலே ஏறி வந்து, வாசலில் நின்று, கைகட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எங்கள் நைனா ஊர் முழுக்க, "எம் புள்ள கம்ப்யூட்டர்ல இருக்கறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார், ஏதோ நான் அந்தப் பெட்டிக்குள்ளேயே குடித்தனம் பண்ணுவது போல.

என்னோடு அந்த அறையில் வேலை பார்த்தவர் பாத்திமா. கடைவீதியில் தையல் கடை வைத்திருந்த வீட்டுப் பெண், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் 'அக்கா' என்பேன். அவர் என்னை 'சார்' என்பார். அந்த சாரில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

வேலை இதுதான். நிலக்கடலை பிடுங்கி முடிந்து ஊர் ஜனங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற நாட்களில் ஒரு ஜீப் கிராமம் கிராமமாகப் போகும். அதில் போகிற நர்ஸ் பெண்கள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, புரை விழுந்தவர்களின் பெயரை நோட்டில் எழுதுவார்கள். ஸ்பிரிட் விளக்கு கொளுத்தி, சோதனைக் குழாயில் நீர் சோதனையும் செய்வார்கள். நீல மருந்து செங்கல் நிறமாக மாறினால் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு உடனே ஆபரேஷன் செய்யக்கூடாது. மாத்திரை கொடுத்து, அதைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஆறு வாரம் கழித்து அடுத்த முகாமில்தான் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும், கண்ணே போய்விடும்.

இதில் அந்த நர்ஸ் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நோட்டில் 'சர்க்கரை' என்று எழுத மாட்டார்கள். எழுதினால் பக்கத்தில் நிற்கிற நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்து, அந்த வீட்டில் பெண் எடுக்கலாமா என்ற பேச்சு வரைக்கும் போய்விடும். அதனால் பெயருக்குப் பின்னால் சின்னதாக ஒரு நட்சத்திரம். அது அவர்களுக்கும் முகாம் ஆட்களான எங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

நோட்டுகள் என்னிடம் வரும். நான் ஏற்கெனவே மகா புத்திசாலித்தனமாக ஒரு படிவம் தயார் செய்திருந்தேன். பெயர், புருஷன் அல்லது அப்பா பெயர், ஊர், வயது, எந்தக் கண். சர்க்கரைக்கு என்று ஒரு கட்டம் வைக்க எனக்குத் தோன்றவில்லை. யாராவது கேட்டிருந்தால் டிஸ்கில் இடமில்லை என்று சொல்லியிருப்பேன். இடம் இருந்தது.

பாத்திமாக்கா முதல் நாளே கேட்டார். "சார், சில பேர் பேருக்குப் பின்னாடி ஸ்டார் போட்டிருக்குது. அதையும் அடிக்கணுமா?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நோட்டுல இன்னா இருக்குதோ அத அப்படியே அடிங்கக்கா. நாம இதுல மூளைய விடக்கூடாது."

சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள். நான் மூளையை விடவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க முடியும். ஒரே குப்புசாமியை ஒருவர் ஒரு விதமாக அடிப்பார், இன்னொருவர் வேறு விதமாக. தேடும்போது கிடைக்காது. அதற்கு அந்த மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. தேடுகிற பெயரில் பாதியை எழுதிவிட்டு ஒரு நட்சத்திரம் போட்டால், 'இந்த இடத்தில் எது வந்தாலும் பரவாயில்லை' என்று பொருள். குப்பு என்று அடித்து நட்சத்திரம் போட்டால் குப்புசாமி வருவார், குப்புராஜ் வருவார், குப்புலட்சுமி வருவார். வெறும் நட்சத்திரம் போட்டால் உலகமே வரும். இதைப் பாத்திமாக்காவுக்குக் கரும்பலகை வைக்காத குறையாகப் பாடம் எடுத்தவன் நானேதான். ஒரே வாரத்தில், ஒரே அறையில், இந்த நட்சத்திரமும் அந்த நட்சத்திரமும் என் கை வழியாகத்தான் போயின. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு முகாம் அன்று காலை வரைக்கும் தோன்றவில்லை.

முகாம் அன்று மண்டிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று பஸ் நின்றன. நோட்டில் பெயர் உள்ள அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நூற்று எண்பத்தாறு பேர். தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் துணிப்பைக்குள். எந்தக் கண்ணோ அந்தக் கண்ணுக்கு மேலே நெற்றியில் நம்பர் எழுதிய பிளாஸ்திரி. அவர்களைப் பாண்டிச்சேரிப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பட்டியலில் பெயர் இருந்தால் இங்கே சோதனை முடிந்தது என்று பொருள். அங்கே மறுபடி ஒன்றும் பார்க்க மாட்டார்கள், நேராக ஆபரேஷன் மேசைதான். சர்க்கரைக்காரர்களைத் தனியாக நிறுத்தி, மாத்திரையும் அடுத்த தேதியும் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது முகாமின் ஏற்பாடு. முன்பெல்லாம் நோட்டைப் பார்த்துக் கையால் எழுதுவார்கள். இந்த முறை கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று நோட்டுகளை ஜீப்பிலேயே அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது ஒரு நர்ஸ் பெண் மாடிப்படியில் நின்று கத்தினாள்: "இந்த வாட்டி ஒரு பத்துப் பன்னண்டு பேருக்குச் சக்கர இருக்குது சார், பாத்துக்குங்க!" நான் ராஜா மாதிரி கையை ஆட்டினேன்.

முகாமுக்குப் பொறுப்பு ஒரு சிஸ்டர். டாக்டரிலிருந்து டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மெதுவாகப் பேசினாலே மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். "பத்து மணிக்கு லிஸ்ட் வேணும்" என்று ஒன்பது மணிக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். பெயரின் கடைசியில் நட்சத்திரம் உள்ளவர்களை ஒதுக்கிவிட்டு மற்றவர்களைக் கொடு என்று கேட்க வேண்டும். முன்னால் எந்தப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை, அதற்கு ஒரு நட்சத்திரம். கடைசியில் நட்சத்திரம் இருக்க வேண்டும், அதற்கு ஒரு நட்சத்திரம். ஆக இரண்டு நட்சத்திரம் அடித்தேன். பிரிண்டர் ஒரு தடவை 'கிர்ர்' என்று முனகித் தலைப்பை மட்டும் அடித்துவிட்டு நின்றது. கீழே வெறும் காகிதம்.

பாத்திமாக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா சார், ஒருத்தர்கூட இல்லயா? செஞ்சி தாலுகா முழுக்கவா சக்கர?"

அது சரியாகத்தான் சொன்னது. 'எதுவும் வரலாம், அப்புறம் எதுவும் வரலாம்' என்று நான் கேட்டிருக்கிறேன். நூற்று எண்பத்தாறு பேரும் அதற்குள் அடங்கிவிட்டார்கள். எல்லாரையும் ஒதுக்கிவிட்டது. இன்றைக்கு உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நான் என்னென்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பிளாப்பியை வெளியே எடுத்து ஊதினேன். மின்விசிறி சத்தத்தால் பிரிண்டர் குழம்பியிருக்கும் என்று விசிறியை நிறுத்தினேன். அதே இரண்டு நட்சத்திரத்தை மறுபடி அடித்தேன், இந்தத் தடவை அழுத்தி. விரலை அழுத்தினால் அதற்கு அர்த்தம் புரிந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

ஒன்பதே முக்கால். மென்பொருளோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு மூலையில் இருந்தது. நட்சத்திரத்தை நட்சத்திரமாகவே தேட வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு சாய்ந்த கோடு போட வேண்டும். அந்தக் கோடு இருந்தால், 'இதற்கு வேறு வேலை ஒன்றும் கிடையாது, இது எழுத்தைப் போல ஒரு எழுத்து' என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். அடடா! எழுந்து நின்று சிரித்தேன். உட்கார்ந்து, கோட்டைப் போட்டு, இரண்டு நட்சத்திரத்தையும் அடித்தேன். பிரிண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. பக்கம் பக்கமாக வந்தது. மண்டிக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது நான் பட்டியலோடு படியிறங்கினேன். மாடிப்படி ஜன்னலில் செஞ்சிக் கோட்டை மலை தெரிந்தது. அதைப் பிடித்த ராஜாக்கள்கூட அப்படி இறங்கியிருக்க மாட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். வெறும் காகிதம் வந்தபோது எனக்கு உயிர் போனது. நிரம்பிய காகிதம் வந்தபோது உயிர் வந்தது. உண்மையில் வெறும் காகிதத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, பஸ் கொஞ்சம் தாமதமாகப் போயிருக்கும், அவ்வளவுதான். நிரம்பிய காகிதம்தான் கண்ணைப் பிடுங்கப் பார்த்தது. நான் கோட்டைப் போட்டது இரண்டாவது நட்சத்திரத்துக்கு முன்னால் இல்லை, முதலாவதற்கு முன்னால். 'நட்சத்திரத்தில் ஆரம்பிக்கும் பெயர்கள்' என்று கேட்டிருக்கிறேன். நம் ஊரில் யார் பெயர் நட்சத்திரத்தில் ஆரம்பிக்கிறது? ஒருவரும் இல்லை. ஒருவரையும் ஒதுக்கவில்லை. நூற்று எண்பத்தாறு பெயரும் அழகாக வரிசை கட்டி வந்துவிட்டன. பத்துப் பன்னிரண்டு பேர் என்று அந்தப் பெண் படியில் நின்று கத்தியது என் காதில்தான் விழுந்தது. எத்தனை பேர் விலகினார்கள் என்று ஒரு தடவை எண்ணிக்கை கேட்டிருந்தால் பூஜ்யம் என்று வந்திருக்கும், அங்கேயே பிடித்திருப்பேன். கேட்கவில்லை. பிரிண்டர் சத்தம் அவ்வளவு இனிமையாக இருந்தது.

சிஸ்டர் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஜனங்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். முதல் பஸ் நிரம்பியது, இரண்டாவது நிரம்பியது, மூன்றாவதும் நிரம்பியது. ஒதுக்கி நிறுத்த வேண்டியவர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் ஒருவரும் இல்லை. அதையும் பார்த்தேன். 'இந்த முறை கூட்டம் ஒழுங்காக இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டேன்.

டிரைவர்கள் இன்ஜினைப் போட்ட நேரத்தில் பாத்திமாக்கா கார்பன் பிரதியோடு வந்தார். வழியெல்லாம் அதைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"சார், இதுல ஸ்டார் இருக்குதே."

"எங்க?"

"இதோ. இதோ. இங்க ரெண்டு. நாந்தான அடிச்சேன், எனக்குத் தெரியாதா?"

பார்த்தேன். பேப்பரிலேயே இருந்தது. பெயர், பக்கத்தில் பளிச்சென்று நட்சத்திரம். நான் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிய அதே பட்டியல். கண் முகாமில் அன்றைக்குக் கண் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

உடனே நான் செய்த காரியம், திரும்பி மாடியைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. அந்தச் சாய்ந்த கோட்டை இடம் மாற்றிப் போட்டு மறுபடி அடித்துக்கொண்டு வந்துவிடலாம், பத்தே நிமிடம். பாத்திமாக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு தையல் பிரிந்தது.

"எங்க ஓடறீங்க? பேப்பர் கையில இருக்குது. செவப்புப் பென்சில் எங்கிட்ட இருக்குது. வண்டி கெளம்புது!"

சொல்லிக்கொண்டே காகிதத்தைத் தன் முழங்கையில் வைத்து வட்டம் போட ஆரம்பித்துவிட்டார். நான் ஒரு மணி நேரம் போராடியதை அவர் நின்ற இடத்தில், மூன்று நிமிடத்தில் முடித்தார். பதினொரு பேர்.

இரண்டாவதாக எனக்கு வந்த யோசனை இன்னும் கேவலமானது. சிஸ்டரிடம் போய், "ஆஸ்பத்திரிக்கு ஒரு டிரங்க் கால் போட்டுச் சொல்லிட்டா அங்கயே நிறுத்திடுவாங்க இல்ல, சிஸ்டர்?" என்றேன். பஸ் போகட்டும், இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது உள்ளே இருந்த எண்ணம்.

அவர் பட்டியலைப் பார்த்தார், வட்டங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலையில இருந்து ரெண்டு கால் போட்டேன், ஒண்ணுகூடக் கெடைக்கல. நீ கால் போட்டுக் காத்துக்கிட்டிரு, அதுக்குள்ள அங்க ஊசி போட்டுருவாங்க." பிறகு டிரைவர்கள் பக்கம் திரும்பி, "இன்ஜின நிறுத்துப்பா, மூணு வண்டியும்" என்றார்.

"நீங்க ஏறிச் சொல்லுங்க சிஸ்டர், நீங்க சொன்னா கேப்பாங்க" என்றேன்.

"தப்பு பண்ணது நீ. நான் எதுக்குத் தொண்டையக் கிழிச்சுக்கணும்? போ. ஒவ்வொருத்தரா எறக்கி பெஞ்சுல உக்கார வை. நான் வந்து தேதி சொல்றேன்."

முதல் பஸ்ஸில் நாலு பேர். முணுமுணுத்தார்கள், இறங்கினார்கள். மூன்றாவது பஸ்ஸில் மூன்று பேர். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்கள். மூன்றாவது ஆள் கோவிந்தன், மண்டகப்பட்டுப் பக்கம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும் எழுந்தார், பையை எடுத்துத் தோளில் போட்டார், படியைத் தடவி இறங்கினார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனுஷன், தொந்தரவே இல்லை என்று நிம்மதியாக அவர் பெயருக்கு ஒரு டிக் போட்டேன்.

மிச்சம் நாலு பேரும் நடு பஸ்ஸில். அதில் மூன்று பேரை இறக்கியாயிற்று. நாலாவது பச்சையம்மாள். சிங்கவரம். ஐம்பது வயது இருக்கும், கடலைக் காட்டில் கூலி வேலை. வலது கண் போய் மூன்று வருடம் ஆயிற்று. இடது கண்ணில் பால் ஊற்றினது போலப் புரை. கடலையைக் கையால் தடவித்தான் ஆய்ந்துகொண்டிருந்தவர். சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எறங்க மாட்டேன்."

"அம்மா, உங்களுக்கு சக்கர இருக்குது..."

"அது எனக்குத் தெரியும். அந்த நர்சு பொண்ணு காதுக்குள்ள சொன்னா, நீ அடுத்த வாட்டிதான்னு. அப்புறம் இன்னாத்துக்குப் பேரக் கூப்ட்டீங்க?"

"தப்பா கூப்ட்டுட்டோம்மா."

"நீ யாரு? டாக்டரா?"

"இல்லமா. கம்ப்யூட்டர்."

"அது இன்னா?"

"பேர் அடிக்கற மெசினும்மா."

"மெசினு கூப்டுச்சி, நான் ஏறனேன். இப்ப அந்த மெசின வந்து எறங்கச் சொல்லு. நீ போ."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், பழக்கம். ஏதோ ஜோக் அடிக்க வாயைத் திறந்தேன். "மெசினுக்குக் காலு இல்லமா" என்று பாதி சொல்லும்போதே அந்த அம்மாள் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை, என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தது. எனக்கு ஜோக் அங்கேயே நின்றுவிட்டது.

குந்தி உட்கார்ந்தேன். "மெசின் மேல தப்பு இல்லமா. அதுகிட்ட நான் தப்பா கேட்டேன். அது கேட்டதக் குடுத்துடுச்சி. இப்ப நீங்க போனீங்கன்னா அங்க யாரும் மறுபடி பாக்க மாட்டாங்க, நேரா அறுத்துருவாங்க. சக்கரையோட அறுத்தா சீழ் புடிக்கும். இருக்கறது ஒரு கண்ணும்மா."

சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"பேரு கூப்ட்டதும் சாமி மனசு மாறிட்டாருன்னு நெனச்சன்டா" என்றார்.

கம்பியிலிருந்து ஒரு கை எடுத்தார். அப்புறம் இன்னொரு கை. "எம் பைய எடு. தட்டு இருக்குது, கீழ போட்டுறாத." என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பிடி இரண்டு நாளைக்கு வலித்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு. "உம் மெசின்ல இடி வுழ. உன்ன வேலைக்கி வெச்சவன் நாசமாப் போவ." கடைசிப் படியில், "இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்" என்றார். பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். சிஸ்டர் வந்து, பெஞ்சில் இருந்த ஒவ்வொருவருக்கும் மாத்திரையைக் கையில் வைத்து, எப்போது சாப்பிட வேண்டும், என்றைக்குத் திரும்பி வர வேண்டும் என்று மூன்று மூன்று தடவை சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தார். பச்சையம்மாள் திருப்பிச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

பெஞ்சில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். அதை எண்ணினவரும் சிஸ்டர்தான். கோவிந்தன் எங்கே என்று கேட்டார். நான் மைதானம் முழுக்கத் தேடினேன், பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். நான் நடு பஸ்ஸில் குந்தி உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பையோடு நடந்து, ஏதோ ஒரு பஸ் ஏறிப் போயிருந்தார்.

மூன்று பஸ்ஸும் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பின. நூற்று எழுபத்தைந்து பேர் போனார்கள். அன்றைக்கு மத்தியானமே மேலே போய், சாய்ந்த கோட்டை இரண்டாவது நட்சத்திரத்துக்கு முன்னால் போட்டுக் கேட்டேன். பதினொரு பெயர் வந்தது. யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் மிகச் சரியாக வந்தது. பாத்திமாக்கா தன் வட்டங்களோடு வைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல சார், உங்க மெசினுக்கும் எண்ணத் தெரியுது" என்றார். அடுத்த நாள் படிவத்தில் சர்க்கரைக்கு ஒரு கட்டம் போட்டேன். பெயர்களில் இருந்த நட்சத்திரங்களை எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு முப்பது வருடம் எத்தனையோ இடத்தில் வேலை பார்த்தேன், பெரிய பெரிய டேட்டாபேஸ். குறி மாறியது, சதவீதக் குறி வந்தது, அடிக்கோடு வந்தது, குறியை வெறும் எழுத்தாகத் தேடும் வழியும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி. எதிலும் முதலில் எண்ணிக்கை கேட்காமல் பட்டியல் கேட்டதில்லை. எவ்வளவு வரும் என்று ஒரு எண்ணை மனதில் சொல்லிக்கொண்டுதான் பொத்தானை அமுக்குவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். எண் ஒத்துப்போகாவிட்டால் எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள், பிளாப்பியை ஊதாதீர்கள். உங்களுக்கு ஊதப் பிளாப்பியும் இல்லை. ஆட்களை ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களென்றால் மாடிக்கு ஓடாதீர்கள், முதலில் வண்டியை நிறுத்துங்கள்.

ஆறு வாரம் ஆவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனேன். வாசலில் நின்று, "அம்மா" என்றேன்.

"யாரு, மெசினா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தேதியைச் சொன்னேன். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். வேண்டுமென்றே பத்து நிமிடம் திட்டினார். சாப்பிட்டிருந்தார். ஜீப்பில் போனவர்கள் மற்ற ஊர்களில் தேதியைச் சொன்னார்கள். மண்டகப்பட்டுப் பக்கம் இரண்டு தடவை போனார்கள். முதல் தடவை கோவிந்தன் வீட்டில் இல்லை. இரண்டாவது தடவை இருந்தார். "கூப்ட்டு ஏத்திட்டு எறக்கி வுட்டாங்க, இனிமே வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த முகாமில் பச்சையம்மாளுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்து ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி போட்டுப் பார்க்க வந்தபோது நான் மைதானத்தில் நின்றேன். என் குரலைக் கேட்டதும் பக்கத்தில் வந்து மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "அடப்பாவி, இவ்ளோ ஒல்லியாவா இருக்கற? ஒரு தள்ளு தள்ளியிருந்தா வுழுந்திருப்ப, தெரியாம எறங்கிட்டேன்" என்றார்.

இறக்கியது பதினொரு பேரை. திரும்பி வந்தவர்கள் பத்துப் பேர். கோவிந்தன் வரவில்லை.